குசினி மேசைக்கு வந்த விருந்தாளி

ஜனவரி 14, செவ்வாய்

ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பு எழுத வேண்டும், அதையும் டச்சில் எழுத வேண்டும் என்று நூலக வகுப்பில் ஸ்டைன் சொல்லிவிட்டார். எழுதிப் பார்த்தேன். "இன்று மழை. நான் பாண் சாப்பிட்டேன். என் கணவர் கதிரையில் இருக்கிறார்." அதற்குமேல் என் டச்சு நகரவில்லை. என் வாழ்க்கை அதைவிடக் கொஞ்சம் நீளமானது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். ஸ்டைன் கேட்டால் முதல் மூன்று வரியைக் காட்டிச் சமாளிக்கலாம்.

ஐம்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடம். முப்பத்தைந்து வருடம் ஒல்லாந்தில் இருந்துவிட்டு இப்போதுதானா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது. இவ்வளவு காலமும் எனக்காக என் கணவர்தான் டச்சில் கதைத்தார். எனக்கு மட்டுமல்ல, இந்த நகரத்துத் தமிழ்ச் சனம் முழுவதற்கும் இவர்தான் கதைத்தார். டொக்டரிடம் போனாலும், வரிக் கந்தோருக்குப் போனாலும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடினாலும் "குணத்தாரைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். இவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார்.

ஒக்டோபரில் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் அரைவாசிதான் வேலை செய்கின்றன. பேச்சு முழுதாகப் போயிருந்தது. பிறகு தமிழ் மட்டும் தட்டுத்தடுமாறித் திரும்பி வந்தது. டச்சு வரவில்லை, ஒரு சொல்கூட வரவில்லை. சிலருக்கு அப்படி நடக்கும் என்று டொக்டர் சொன்னார்.

இன்று பொங்கல். மகள் நிருஜா ஏழு மாத வயிற்றுப் பாரத்தோடு ரயிலில் வந்தாள். மின்னடுப்பில்தான் பொங்கினோம். பால் பொங்கியபோது இவர் சிரித்தார். மத்தியானம் தொலைக்காட்சியில் யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இவன் என்னப்பா சொல்லுறான்?" என்று என்னைக் கேட்டார்.

இந்தக் கேள்வியைத்தான் நான் முப்பத்தைந்து வருடமாக இவரிடம் கேட்டு வந்தேன். நிருஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜனவரி 16, வியாழன்

வகுப்பு. நான் போகிற நேரம் பாலா அண்ணை வந்து இவரோடு கடதாசிச் சீட்டு விளையாடுவார். அவரும் இவர் கையால் டச்சு உபகாரம் வாங்கிய பழைய ஆள்தான்.

இன்று ஒரு சொல்லுக்குள் ஆளை அடக்குகிற வித்தை படித்தோம். டச்சில் வாக்கியம் என்றால் வினைச்சொல் இரண்டாம் கதிரையில் வந்து உட்கார்ந்துவிடும். "நான் போகிறேன் கடைக்கு." நமக்கு அது பொறுமை இல்லாத பேச்சு. ஆனால் ஒருவரைப் பற்றி "இன்னது செய்கிற ஆள்" என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் 'டீ' என்றோ 'டட்' என்றோ ஒரு சொல் போட வேண்டும். அதைப் போட்டதும் வினைச்சொல் எழும்பிக் கடைசிக் கதிரைக்குப் போய்விடும். டெ மன், டீ டார் ஸிட். மனிசன், அங்கே இருக்கிறவர். வினை கடைசியில்!

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வினை கடைசியில் வருவது நமக்குப் பிறந்த பழக்கம் அல்லவா? வகுப்பில் எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருக்க நான் மட்டும் சரியாகச் சொன்னேன். ஸ்டைனுக்கு முப்பது வயதுகூட இராது, பகலில் தபால் போடுகிற பையன். "தவமலர், இதை எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். கூச்சத்தில் கொப்பியைப் புரட்டினேன்.

ஒரே ஒரு வித்தியாசம். நம் மொழியில் ஆள் கடைசியில்தான் வருவார். "பிரவுண் கோட்டுப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் எனக்காக நின்ற மனிசர்" என்று, அவர் செய்தது எல்லாம் வந்த பிறகுதான் அவர் வருவார். டச்சில் மனிசரை முதலில் நிறுத்திவிட்டுத்தான் அவருடைய கதையைச் சொல்கிறார்கள்.

உதாரணம் சும்மா வரவில்லை. 1990, ஏப்ரல். தாலி கட்டாமல், ஒரு படத்தை மட்டும் பார்த்து வந்து இறங்கினேன். சீருடை போட்ட ஒருவர் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு இந்த நாட்டு மொழியில் தெரிந்தவை இரண்டே சொல். கந்தோர், கக்கூஸ். ஒன்று அலுவலகம், மற்றது கழிப்பறை; ஒல்லாந்தர் எங்கள் ஊரில் விட்டுவிட்டுப் போனவை. இரண்டும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார், சீருடைக்காரர் சிரித்துவிட்டு என்னைப் போகச் சொன்னார். இவ்வளவு கெட்டிக்காரரா எனக்கு மாப்பிள்ளை என்று அன்றைக்கே நெஞ்சு நிறைந்துபோனது.

ஜனவரி 19, ஞாயிறு

இவர் குளியலறையில் சறுக்கினார். ஒன்றும் இல்லை. முழங்கையில் கொஞ்சம் நீலம். தூக்கினதில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, தைலம் பூசியிருக்கிறேன். நிருஜாவுக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

நகரசபையிலிருந்து தொலைபேசி. நான் வேலை செய்கிற காளான் பண்ணையில் தந்த விடுமுறை மார்ச்சோடு முடிகிறது. நான் வேலைக்குப் போனால் இவரைத் தனியே விட முடியாது. நகரசபையிடம் கேட்ட உதவி கிடைத்தால் வாரத்தில் நான்கு நாள் பகலில் இவரைப் பராமரிப்பு நிலையத்துக்கு வான் வண்டியில் கூட்டிப்போய் விடுவார்கள், வீட்டு வேலைக்கும் ஒருவர் வருவார். கிடைக்காவிட்டால் மார்ச் முடிவில் இவரை ஒரு இல்லத்தில் சேர்க்க வேண்டும். இடம் இருக்கிற இல்லம் ரயிலில் இரண்டு மணித்தியாலம் தள்ளி இருக்கிறது. அங்கே தமிழ் என்றால் என்னவென்று கேட்பார்கள்.

ஆகவே இதைத் தீர்மானிக்கப் பெப்ரவரி 5 ஒருவர் வீட்டுக்கு வந்து பேசுவார். அதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் 'குசினி மேசைப் பேச்சு'. உண்மையாகவே குசினிக்குள், சமைத்துச் சாப்பிடுகிற மேசையில் இருந்துதான் பேசுவார்களாம்.

"அண்டைக்கு எனக்கு ஸ்கான் இருக்கம்மா. நாளை மாத்தச் சொல்லுவமே?" என்றாள் நிருஜா.

"தேவையில்லை. நான் கதைப்பன்."

"அம்மா?"

"ஏன், உன்ர கொப்பர் மட்டுந்தான் கதைக்கலாமோ?"

சொல்லிவிட்டேன். எண்ணெயும் கோதுமை மாவும் வாங்க வேண்டும். வருகிற ஆளுக்கு மீன் ரோல்ஸ் பிடிக்குமோ தெரியாது.

பெப்ரவரி 5, புதன்

நல்லபடியாக முடிந்தது. உட்கார்ந்து எழுதவே ஆறுதலாக இருக்கிறது.

இரண்டு நாளாக வீடு துடைத்தேன். யன்னல் கண்ணாடி, அடுப்பு, சாமி அறை எல்லாம். விறாந்தையில் கிடந்த இவருடைய கட்டிலைப் பாலா அண்ணையோடு சேர்ந்து மடித்து மேலே ஏற்றினேன். நடக்கப் பிடிக்கிற வண்டியைப் படிக்குக் கீழே தள்ளினேன். கக்கூஸ் கதிரையைக் கொட்டிலுக்குள் வைத்துப் போர்வை போட்டேன். மருந்துப் பெட்டிகள் அலுமாரிக்குள். காலையில் இவரைக் குளிப்பாட்டி, சவரம் எடுத்து, சாம்பல் நிறக் கோட்டும் டையும் போட்டு நல்ல கதிரையில் இருத்தினேன். கோட்டுப் போடவே ஒரு பாடு பட்டோம். ஆனால் பார்க்க எவ்வளவு வடிவு! பழைய குணத்தார் அப்படியே.

வந்தவள் மார்லுஸ் என்ற பெண். மழையில் சைக்கிளில் வந்து தலை நனைந்திருந்தாள், பாவம். துவாய் கொடுத்தேன். மேசையில் மீன் ரோல்ஸ், வடை, பட்டர் கேக், பால் தேத்தண்ணி. இந்த டச்சுக்காரர் விருந்தாளிக்கு ஒரு பிஸ்கற் எடுக்கக் கொடுத்துவிட்டு டின்னை மூடுகிற சனம். அந்தப் பெண் முதலில் "ஒன்று போதும்" என்றாள். பிறகு ஐந்து ரோல்ஸ் சாப்பிட்டாள்.

கேள்விகள் எல்லாம் எனக்கு விளங்கின! தானாகக் குளிப்பாரா? ஹேன் புரொப்ளேம். பிரச்சினை இல்லை. இரவில் நித்திரை வருகிறதா? ஹூட். நல்லம் என்று அர்த்தம். உங்களால் சமாளிக்க முடிகிறதா? ஓ, ஹூட். வந்த ஆளிடம் வேறு என்ன சொல்வது? இடையிடையே என்னுடைய 'டீ' வாக்கியங்களையும் செருகினேன். "நீங்கள் சாப்பிடுகிற ரோல்ஸ் நான் செய்தது." "கோட்டுப் போட்டிருக்கிற மனிசர் என் கணவர்." ஸ்டைன் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பார்.

இவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் முழுநேரமும் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் வெளிக்கிட்டபோது, விருந்தாளி போகையில் இருந்துகொண்டிருக்கக் கூடாது என்று, மேசையைப் பிடித்து எழும்பியும் நின்றார். மார்லுஸ் பார்த்து வியந்துபோனாள். கதவு சாத்தியதும் அப்படியே கதிரையில் விழுந்துவிட்டார். அரை மணித்தியாலம் மூச்சு வாங்கினார்.

மிச்ச ரோல்ஸை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று சட்டமாம். சாப்பாட்டுக்கு என்ன சட்டம்? வாங்க வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 8, சனி

கட்டிலைக் கீழே இறக்க ஆள் இல்லை. பாலா அண்ணை வெளியூர் போய்விட்டார், திங்கள்தான் வருவார். இவர் கதிரையிலேயே தூங்குகிறார்.

பெப்ரவரி 19, புதன்

இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நிருஜா தொலைபேசியில் முடிவை எனக்குத் தமிழில் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் மாறிக்கொண்டே போனது. வீடு மிகவும் ஒழுங்காக இருக்கிறதாம். ஐயா நன்றாக உடுத்தி, உசாராக இருக்கிறாராம், எழும்பி நிற்கிறாராம். அம்மாவுக்குச் சக்தி நிறைய இருக்கிறதாம், விதவிதமாகச் சமைக்கிறாராம். பிரச்சினை ஒன்றும் இல்லை என்று குடும்பமே சொல்கிறதாம். ஆகவே உதவி தேவையில்லையாம்.

"அம்மா, அப்பான்ர கட்டில் எங்க இருந்தது?"

"மேல."

"கொமோட்?"

"வாற ஆளுக்கு முன்னால கக்கூஸ் கதிரையை வைக்கச் சொல்லுறியோ?"

"அவ விருந்துக்கு வரேல்லையம்மா! நீங்கள் எவ்வளவு கஷ்டப்படுறீங்கள் எண்டு பாக்க வந்தவ!"

"அதை ஏன் ஒரு பிறத்தி ஆளுக்குக் காட்டுவான்?"

அவள் அழுதாள். நானும் அழுதேன். என்ன விசர் வேலை பார்த்தேன்! இரண்டு நாள் முதுகு முறிய வீட்டைத் துடைத்து, ரோல்ஸும் பொரித்து, என் மனிசரை நானே வீட்டை விட்டு அனுப்பப் பார்த்திருக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து இவர் "ஆரப்பா? பிள்ளையோ?" என்று கேட்டார். "ஓம், சுகமா இருக்கிறாளாம்" என்றேன்.

நிருஜா நகரசபையோடு பேசித் திரும்ப வரச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். மார்ச் 12. அவளுக்குப் பிள்ளை பிறக்க அந்தக் கிழமைதான் நாள் கொடுத்திருக்கிறார்கள், வர மாட்டாள். இந்த முறையும் நான்தான்.

பெப்ரவரி 23, ஞாயிறு

இவருக்கு மனம் சரியில்லாமல் இருந்தது. நிருஜா பழைய வீடியோ கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றித் தந்திருந்தாள். அவள் பெரியபிள்ளையான சடங்கை, அந்தச் சாமத்திய வீட்டைப் போட்டேன். இருபது வருடம். நானா அது, அவ்வளவு மெல்லிசாக! இப்போது இல்லாமல் போன எத்தனை சனம் அதில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. மண்டபத்தில் வாழையிலை கிடைக்காமல் பச்சைக் கடதாசியில் வெட்டி ஒட்டினோம். அதைப் பார்த்து இவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்திற்று.

பிறகு இவர் மைக் பிடித்து டச்சுக்காரருக்குப் பேசிய இடம் வந்தது. பேர் போன பேச்சு. அன்றைக்கு நான் பட்டுச் சேலையோடு நின்று, என் மனிசர் எப்படிக் கதைக்கிறார் என்று புளகித்துப்போய்க் கேட்டேன்.

இன்றைக்கும் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கிற்று. வினைச்சொல்கள் மண்டபம் முழுக்க நினைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. 'டீ' என்ற சொல் மருந்துக்கும் இல்லை. "பிள்ளை பெரிசு. நாங்கள் சந்தோசம். நீங்கள் சாப்பிடு. எல்லாம் ஹூட்!" அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தக் கையும் சிரிப்பும்! டச்சுச் சனம் எழும்பி நின்று கை தட்டுகிறது.

"நான் நல்லாக் கதைச்சனான், என்ன?" என்றார்.

"உங்களை மாதிரிக் கதைக்க இண்டைக்கும் இஞ்ச ஒருத்தரும் இல்லையப்பா."

எனக்கு அந்த மனிசரில் இருந்த ஆசை ஒரு துளியும் குறையவில்லை. கூடித்தான் போனது. அந்த அரைகுறை மொழியை வைத்துக்கொண்டா இவர் எங்கள் எல்லோரையும் வரிக் கந்தோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் இழுத்துக்கொண்டு திரிந்தார்?

இன்னொன்றும் நினைவு வந்தது. நிருஜா பிறந்தபோது டொக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கெங்கே நோகிறது, இரவில் ஏன் பயமாக இருக்கிறது, அம்மா பக்கத்தில் இல்லாதது எப்படி இருக்கிறது என்று நான் நீளத்துக்குச் சொன்னேன். இவர் டொக்டரிடம் திரும்பி "ஹூட்" என்றார். இவ்வளவையும் ஒரே சொல்லில் சொல்ல முடிகிற மொழி என்று அன்றைக்கு நினைத்தேன். தொண்ணூற்றிரண்டில் பெண்களுக்கான டச்சு வகுப்பில் பெயர் கொடுத்து, பையும் வாங்கி வைத்திருந்தேன். "ஏனப்பா உமக்கு? நான் இருக்கிறன்தானே" என்றார். நான் போகவில்லை. அந்தப் பையில் பிறகு வெங்காயம் வைத்தேன். எனக்கு அதில் கோபம் இல்லை.

அன்று குசினி மேசையில் நான் பேசியது இவருடைய டச்சுதான் என்று இப்போது விளங்குகிறது.

மார்ச் 6, வியாழன்

வகுப்பு முடிய ஸ்டைனிடம் நடந்ததைச் சொன்னேன். ரோல்ஸ் கதைக்குச் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

"அந்த மேசையில் உங்கள் மிக மோசமான நாளைச் சொல்ல வேண்டும், தவமலர். நல்ல நாளைச் சொல்லக் கூடாது. எங்கள் ஆட்களுக்கே அது கஷ்டம்."

"கணவரைக் குறை சொல்கிறதா?"

"குறை இல்லை. அவர் எப்படி இருக்கிறாரோ அப்படி."

இன்றைய பாடமும் அதற்குத் தோதாக வந்தது. பொருளுக்கு ஒரு சொல், ஆளுக்கு வேறு சொல். கதிரை என்றால் 'வார்' போட்டு "எதில் அவர் தூங்குகிறாரோ அந்தக் கதிரை" என்று கட்ட வேண்டும். மனிசர் என்றால் 'வீ' போட்டு "எவரோடு நான் வாழ்கிறேனோ அந்த மனிசர்". ஆளைப் பொருளாக்கிவிடக் கூடாது என்று இவர்கள் பேச்சிலேயே ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள்.

பயிற்சிக்கு நான் எழுதிக் கொடுத்தேன்: "நான் எவரோடு வாழ்கிறேனோ அந்த மனிசர் இரவில் என்னை நான்கு தரம் கூப்பிடுகிறார்." "நான் எவரைத் தூக்குகிறேனோ அந்த மனிசர் என்னைவிடப் பாரம்." ஸ்டைன் ஒரு இடத்தில் வினையைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு எண்ணம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. இவருக்கு டச்சு விளங்காது. அவர் முகத்துக்கு முன்னாலேயே நான் எதையும் சொல்லலாம், சிரித்துக்கொண்டிருப்பார். அதைவிடக் கேவலம் வேறு இருக்கிறதா? ஆகவே முதலில் இவருக்கே தமிழில் சொல்வது என்று தீர்மானித்தேன். மத்தியானம் வாயில் சோறு தீத்தி முடிய, பக்கத்தில் இருந்தேன்.

"இஞ்சாருங்கோ. அண்டைக்கு வந்த பிள்ளை திரும்ப வருகுது. போன முறை நான் எல்லாம் நல்லம் எண்டு சொல்லிப்போட்டன். உதவி இல்லையாம். இந்த முறையும் அப்பிடியெண்டால் உங்களைத் தூர இடத்தில விடவேண்டி வரும்."

சொல் தேடுகிறபோது அவருடைய நல்ல கை மேசையைத் தடவும்.

"கோட்டு... வேண்டாமே?"

"வேண்டாம். சாரத்தோட இருங்கோ."

"அந்தக்... கதிரை. அதையும் சொல்லுவீரோ?"

"சொல்லத்தான் வேணுமப்பா."

முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்த நகரத்தில் எத்தனை பேருடைய கஷ்டத்தைக் கொண்டுபோய் எத்தனை மேசையில் சொன்ன மனிசர். தன் வீட்டுக் கஷ்டத்தை ஒருநாளும் சொன்னதில்லை. நான் கோப்பையைக் கழுவிவிட்டு வந்தேன்.

"சொல்லும்" என்றார்.

மார்ச் 12, புதன்

ஒன்றும் சமைக்கவில்லை. இதை எழுதுகிறபோதும் கூச்சமாக இருக்கிறது. தேத்தண்ணி, ஒரு பிஸ்கற். எடுத்ததும் டின்னை மூடினேன். மார்லுஸ் அந்த டின்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தாள் என்றுதான் எனக்குப் பட்டது.

கட்டில் விறாந்தையில் கிடந்தது. வண்டி நடுவில் நின்றது. கக்கூஸ் கதிரை கட்டிலுக்குப் பக்கத்தில், போர்வை இல்லாமல். இவர் சாரத்தோடு, இரண்டு நாள் தாடியோடு இருந்தார்.

எழும்பி ஒவ்வொன்றாகக் காட்டினேன். இது அவர் தூங்குகிற கட்டில். இது அவர் இரவில் இருக்கிற கதிரை, கழுவுகிறது நான். இது ஜனவரியில் அவர் விழுந்த இடம். இது அவரைத் தூக்கிய முதுகு. எல்லா வினையும் கடைசியில் போய் நின்றதா என்று தெரியாது. ஒவ்வொரு வாக்கியமும் வாய்க்குள்ளிருந்து கல்லுப் போல வந்தது. போன முறை ஏன் சொல்லவில்லை என்று மார்லுஸ் கேட்டாள்.

"நீங்கள் விருந்தாளி" என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்" என்றாள். பிறகு கதிரையை இவருக்கு நேரே திருப்பிப்போட்டு, இவர் கண்ணைப் பார்த்து, "ஐயா, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார். "என்ன கேக்கிறா?"

"நீங்கள் எப்பிடி இருக்கிறீங்களாம்."

கை மேசையைத் தடவத் தொடங்கிற்று. மார்லுஸ் காத்துக்கொண்டிருந்தாள். வந்தது, ஒவ்வொரு சொல்லாக.

"எனக்கு... இவவுக்குப் பாரமா இருக்க விருப்பமில்லை. ஆனா... பயமா இருக்கு. அங்க விட்டா... நான் தண்ணி கேட்டாலும்... ஒருத்தருக்கும் விளங்காது. நான் கனபேருக்குக் கதைச்சு விட்டனான். எனக்குக் கதைக்க... இவ மட்டுந்தான் இருக்கிறா."

பாரிசவாதம் வந்த பிறகு இவ்வளவு நீளமாக இவர் பேசியதில்லை. அதற்கு முன்பும் எனக்கு இப்படி ஒன்றைச் சொன்னதில்லை.

மார்லுஸ் என் பக்கம் திரும்பினாள். என் நாக்கில் முதலில் வந்தது 'ஹூட்' என்ற அந்தச் சின்னச் சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் இவர் மானம் அப்படியே இருந்திருக்கும். எனக்கும் அழுகை வந்திருக்காது.

நான் முழுதையும் சொன்னேன். பாரத்தைச் சொன்னேன், தண்ணீரைச் சொன்னேன், கனபேருக்குக் கதைத்ததைச் சொன்னேன். கடைசியில் ஸ்டைன் படிப்பித்த எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்த்து மெல்ல மெல்லச் சொன்னேன். "தன்னை விளங்கிக்கொள்கிற ஒருவரும் இல்லாத ஒரு வீட்டுக்கு அவர் பயப்படுகிறார்."

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"என்ன... சொன்னீர்?" என்று இவர் கேட்டார்.

"நீங்கள் சொன்னதைத்தான்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

போகும்போது மார்லுஸ் குனிந்து இவர் கையைப் பிடித்தாள். இவர் எழும்பவில்லை. எழும்ப வேண்டாம் என்று நான் தோளில் கை வைத்திருந்தேன்.

மார்ச் 15, சனி

நிருஜாவுக்கு ஆண் குழந்தை. தொலைபேசியில் அழுகிற சத்தத்தை இவர் காதில் வைத்தேன். தமிழில்தான் அழுகிறான் என்றார்.

மார்ச் 27, வியாழன்

கிடைத்துவிட்டது! நான்கு நாள் பகல் பராமரிப்பு, வீட்டு வேலைக்கு ஆள். வகுப்புக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். ஸ்டைன் எட்டுச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று முதல் நாள். இவருக்குத் தானாகவே அந்தச் சாம்பல் நிறக் கோட்டு வேண்டுமாம். போட்டுவிட்டேன். காலையிலேயே யன்னலுக்குப் பக்கத்தில் வந்து இருந்துவிட்டார். முகத்தில் பயம் இருந்தது.

"அங்க ஆரும் ஏதும் கேட்டா... என்ன சொல்லுறது?"

யோசித்தேன். நிறையச் சொல் இவர் தலையில் நிற்காது. ஒன்று மட்டும் கொடுக்க வேண்டும் என்றால் எதைக் கொடுப்பது?

"ஏதும் நோகுது, பிடிக்கேல்லை எண்டால் 'நீட் ஹூட்' எண்டு சொல்லுங்கோ. நல்லாயில்லை எண்டு அர்த்தம். மிச்சத்தை அவையே எனக்குப் போன் அடிச்சுக் கேப்பினம்."

"நீட்... ஹூட்."

"அதேதான். திருப்பிச் சொல்லுங்கோ."

"நீட் ஹூட்."

ஒக்டோபருக்குப் பிறகு இவர் வாயிலிருந்து வந்த முதல் டச்சு. வான் வரும் வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

சாரதி சிவப்புத் தாடிக்காரர், பெரிய உருவம். படியில் நின்று குனிந்து, "காலை வணக்கம் ஐயா, எப்படி இருக்கிறீர்கள்?" என்று உரத்துக் கேட்டார். இவர் கேள்வியைப் புரிந்துகொண்டாரா, அந்தச் சிரிப்பை மட்டும் கண்டாரா தெரியாது. ஒருதரம் என்னைப் பார்த்தார். பிறகு நல்ல கையை உயர்த்தி, மைக் பிடித்துப் பேசிய அந்த நாளில் போலவே ஆட்டி, தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

"ஹூட்!"

சாரதி வாய்விட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார்.

நான் திருத்தவில்லை.